செவ்வாயும் வெள்ளியும்

சுப்பையா மூன்றாவது கொட்டடியைக் கூட்டி முடிக்கும்போது சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு, விரல்களை வேட்டி மடிப்பில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தார். லாயத்து வாட்ஸ்அப் குழுவில் ஹேமந்த் எழுதியிருந்தான். ‘அங்கிள், இன்னிக்கும் ஆபீஸ்ல மீட்டிங். ஸ்வல்ப நோட்கொள்ளி, ப்ளீஸ்.’ கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் அவன் கேட்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சுப்பையா பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். மூன்று குதிரைகளுக்கும் ஊறவைத்த கொள்ளும் தவிடும் வைத்தாயிற்று. லத்தி அள்ளி வெளியே கொட்டியாயிற்று. ஈர மரத்தூளை வாரிவிட்டுக் காய்ந்ததைப் பரப்பியாயிற்று. இருந்தாலும் அந்தச் செய்தியை இரண்டு தரம் படித்தார். அன்றைக்கு அவரிடம் ஒருவர் சொன்ன முதல் வார்த்தை அது. கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு மறுபடி மண்வாரியை எடுத்தார்.

வருணா கால்வாயை ஒட்டிய தென்னந்தோப்பு அது. கௌரம்மா என்பவருக்குச் சொந்தம். தோப்புக்கு நடுவில் தகரக் கூரை போட்ட நாலு கொட்டடிகள், குதிரைகள் காலாற நடக்க வேலி போட்ட ஒரு மண் திடல், ஒரு மோட்டார் ரூம். மைசூரில் ஆசைப்பட்டுக் குதிரை வாங்கிவிட்டு, கட்டி வைக்க வீட்டில் இடமில்லாதவர்கள் இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். முன்பு குதிரைகளைப் பார்த்துக்கொள்ள சைஸ் எனப்படும் குதிரைக்காரர் ஒருவர் இருந்தார். எட்டு மாதம் முன்பு அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அடுத்த ஆள் அமையவில்லை. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஹேமந்த், பல் டாக்டர் சோனியா, சுப்பையா மூவரும் பேசி, முறை வைத்து நாமே செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். முதல் மாதம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு ஹேமந்துக்கு மீட்டிங் வந்தது. சோனியாவுக்குக் கிளினிக்கில் கூட்டம் வந்தது. சுப்பையாவுக்கு எதுவும் வரவில்லை.

குதிரை அவர் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. மகள் மனிஷா வேலையில் சேர்ந்த வருஷம், ரேஸில் ஓடிக் கால் நரம்பு கெட்டுப்போன ஒரு செம்பழுப்புப் பெண் குதிரையைக் கூட்டிவந்து தும்பி என்று பேர் வைத்தாள். மறு வருஷம் அயர்லாந்தில் வேலை கிடைத்துப் போனாள். ரெண்டே வருஷம்ப்பா என்றாள். இது நாலாவது வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிட்டு, “தும்பியக் காட்டுப்பா” என்பாள். சுப்பையா கைபேசியைத் திருப்பிக் குதிரைக்கு நேராகப் பிடிப்பார். மகள் குதிரையோடு கொஞ்சிக்கொண்டிருக்க, அவர் படத்துக்கு வெளியே கை வலிக்க நின்றிருப்பார். சொந்த ஊர் ராமாபுரத்தில் சிறுவயதில் மாடு மேய்த்ததும், முப்பத்தொரு வருஷம் மைசூரில் மில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியதும்தான் அவருக்குத் தெரிந்த வேலைகள். குதிரைக்குப் பின்னால் போய் நிற்கவே முதலில் பயம். சைஸ் செய்வதைப் பார்த்துப் பார்த்து, குளம்பைத் தூக்கி மடியில் வைத்துச் சுத்தம் செய்ய அறுபத்துமூன்றாவது வயதில் கற்றுக்கொண்டார்.

மைசூர் வித்யாரண்யபுரத்து வீட்டில் அவர் ஒற்றை ஆள். மனைவி பாப்பாத்தி, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள பெங்களூரில் மகன் மனோஜ்குமார் வீட்டுக்குப் போய் மூன்று வருஷமாகிறது. சுப்பையாவும் கூடத்தான் போனார். பதினொன்றாவது மாடி. மகனும் மருமகளும் மரியாதையாகவே நடத்தினார்கள். சோபாவில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். மத்தியானம் சாப்பிட எழுந்து, மறுபடி வந்து உட்கார்ந்தார். பாப்பாத்திக்கு அந்த வீட்டில் சமையல் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். அவருக்கு சோபா இருந்தது. நாற்பதாவது நாள், “தும்பிய யாரு பாக்கறது?” என்று சொல்லிவிட்டு மைசூருக்கு பஸ் ஏறினார். அதன் பிறகு, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் பதிலாகச் சொன்னார். சைஸ் இருந்த காலத்தில் அது பாதிப் பொய். இந்த எட்டு மாதமாக அது முழு உண்மையாகிவிட்டதில் அவருக்கு உள்ளூர ஒரு தெம்பு இருந்தது.

மார்ச் மாதம் காலியாகக் கிடந்த நாலாவது கொட்டடிக்கு சுல்தான் என்ற வயதான வெள்ளைக் குதிரை வந்தது. அதோடு நிர்மலா வந்தார். வங்கி அதிகாரி, மாண்டியாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வந்ததும் எதுவும் பேசவில்லை. மூன்று வாரம் கவனித்தார். நாலாவது ஞாயிறு காலையில் எல்லோரையும் திடலுக்கு வரச் சொன்னார்.

“இருபத்தோரு நாள்ல பதினஞ்சு நாள் அங்கிள் ஒருத்தரே செஞ்சிருக்கார். நான் நாலு நாள். ஹேமந்த், நீங்க ஒரு நாள். சோனியா, நீங்களும் ஒரு நாள்.”

சோனியாவின் முகம் சிவந்தது. “நாங்க கேட்டா அங்கிள் முடியாதுன்னே சொல்றதில்ல மேடம்.”

“அது உங்களுக்கு வசதியாப் போச்சு. அறுபத்தஞ்சு வயசு அவருக்கு. இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நிமிர்றத நான் பாத்தேன்.”

“அட, அதெல்லாம் பரவால்லீங்” என்றார் சுப்பையா. “எனக்கென்ன, வீட்ல வேற சோலியா இருக்குது?”

“அப்படி இல்ல அங்கிள். குதிரை நாலு பேருக்கும் இருக்கு. வேலையும் நாலு பேருக்கும் இருக்கணும்.”

அவருக்காக இவ்வளவு நியாயமாக யாரும் பேசி சுப்பையா கேட்டதில்லை. அதனாலேயே மறுத்து ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. அந்த வேலை எனக்கு வேண்டும் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் யாருக்குப் புரியும்? ஹேமந்த் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “சாரி அங்கிள், நிஜமாவே சாரி” என்றான். சுப்பையா சிரித்துவைத்தார். அன்று சாயங்காலமே மோட்டார் ரூம் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. திங்களும் வியாழனும் சோனியா. புதனும் சனியும் நிர்மலா. ஞாயிறு ஹேமந்த், வாரத்துக்கு ஒரு முறை புல் ஏற்றிவருவதும் அவன் பொறுப்பு. செவ்வாயும் வெள்ளியும் சுப்பையா.

தூக்கம் மட்டும் பழைய நேரத்துக்கே கலைந்தது. நாலரை மணிக்கு எழுந்து பல் விளக்கிவிட்டால் அதற்கப்புறம் செய்ய ஒன்றுமில்லை. பால் வாங்கிவருவார். காபி போடுவார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பார்த்தால் மணி ஐந்தே கால் ஆகியிருக்கும். முதல் புதன்கிழமை மனசு கேட்காமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனார். தன் குதிரையைப் பார்க்கத் தனக்கு உரிமையில்லையா என்ன? நிர்மலா முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, வேலையை ஏறக்குறைய முடித்திருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. புல் தண்ணீர் தெளித்து உதறிப் போட்டிருந்தது. தொட்டிகள் தேய்த்துக் கழுவியிருந்தன. தும்பி நிர்மலாவின் தோளில் மோவாயை வைத்து நின்றுகொண்டிருந்தாள். “வாங்க அங்கிள், உக்காருங்க. இன்னிக்கு உங்களுக்கு ரெஸ்ட்” என்று நிர்மலா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். சுப்பையா உட்கார்ந்தார். கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பத்து நிமிஷம் இருந்துவிட்டு, மருந்துக் கடைக்குப் போகணும் என்று பொய் சொல்லிக் கிளம்பினார். அதன் பிறகு மற்றவர்கள் முறையில், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனார்.

ஒரு தடவை பேச்சுவாக்கில் பலகை விஷயத்தைப் பாப்பாத்தியிடம் சொல்லிவிட்டார். சொன்னது தப்பென்று உடனே தெரிந்தது.

“அப்ப வாரத்துல ரெண்டு நாளுதானுங்களே?” என்றாள் அவள். “அந்த ரெண்டு நாளையும் வேற ஆருக்காச்சும் மாத்தி உட்டுட்டு இங்க வந்துருங்க.”

“பாக்கலாம்.”

“என்னத்தப் பாக்கறது? நானும் மூணு வருசமாத் தனியாத்தானுங்க கெடக்கறேன்.”

வீடு நிறைய ஆட்களோடு இருப்பவள் தனியாகக் கிடக்கிறேன் என்கிறாளே என்று அவருக்கு எரிச்சல்தான் வந்தது. கைபேசியை வைத்துவிட்டார்.

ஏப்ரலில் வெயில் கொளுத்தத் தொடங்கியது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் ஒரு மணிக்குச் சுப்பையா தோப்புக்குப் போனார். ஹேமந்தின் முறை. வாசல் கதவு வெளியே பூட்டியிருந்தது. அவன் காலையில் வந்து போயிருக்கிறான், தீவனம் வைத்த தடம் இருந்தது. வேலிப்பக்கம் நின்று எட்டிப் பார்த்தார். சோனியாவின் குதிரை பாதாம், சிறிய கருப்புக் குதிரை, காலி பக்கெட்டை மூக்கால் உருட்டிக்கொண்டிருந்தது. பக்கெட் சுவரில் மோதித் திரும்பி வரும். மறுபடி தள்ளும். உள்ளே நாக்கை விட்டு அடியை நக்கும். தும்பியின் பக்கெட்டைப் பார்த்தார். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. ஹேமந்தின் குதிரை ஸ்டார்முக்கும் சுல்தானுக்கும் கொஞ்சம் இருந்தது. பாதாமுக்குத்தான் சொட்டு இல்லை.

சாவி அவர் மடியில் இருந்தது. உள்ளே போய், மோட்டாரைப் போட்டு ஒரு பக்கெட் பிடித்து ஊற்ற ஐந்து நிமிஷம் ஆகாது. கை சாவியைத் தொட்டும் விட்டது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இதை நிர்மலா பார்க்க வேண்டும். சமமாகப் பிரித்துக்கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். பொறுப்பில்லாதவனுக்கு நாள் ஒதுக்கினால் பொறுப்பு வந்துவிடுமா? பலகையைக் கழற்றிவிட்டு, அங்கிளே இருக்கட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். சுப்பையா கைபேசியை எடுத்து, கம்பி இடுக்கு வழியாகக் காலி பக்கெட்டைப் படம் பிடித்தார். பாதாம் தலையைத் தூக்கி அவரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கனைத்தது. ஹேமந்த் எப்படியும் இப்போது வந்துவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கால்வாய்க் கரைப் புங்கமரத்தடியில் அரை மணி நேரம் நின்று, படத்தோடு குழுவில் என்ன எழுதலாம் என்று வார்த்தை வார்த்தையாக யோசித்தார். யாரும் வரவில்லை. சாயங்காலம் அனுப்பலாம் என்று மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஐந்து மணிக்கு ஹேமந்தின் அழைப்பு வந்தது. “அங்கிள், பாதாம் கீழ விழுந்து உருளுது. எனக்கு ஒண்ணும் புரியல, வாங்க அங்கிள்!”

அவர் போனபோது பாதாம் வியர்வையில் நனைந்து நின்றிருந்தது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. முன்னங்காலால் தரையைப் பறித்துவிட்டு மறுபடி மடிந்து விழப்போனது. சுப்பையா தலைக்கயிற்றைப் பிடித்து விழவிடாமல் இழுத்து நடத்தினார். திடலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். சோனியாவும் நிர்மலாவும் வந்தார்கள். ஆறரைக்கு மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெயும் மருந்தும் இறக்கினார். “காஞ்ச புல்லு தின்னுட்டுத் தண்ணி இல்லாம நின்னிருக்கு. குடல்ல அடைச்சுக்கிச்சு. லத்தி போட்டா பிழைச்சுக்கும். நடத்திக்கிட்டே இருங்க” என்றார். சுப்பையா நடத்தினார். இடுப்பு வலி தெரியவில்லை. குதிரையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி நடத்தினார். விளக்குப் போட்டு வெகுநேரம் கழித்து, பாதாம் வாலைத் தூக்கிக் கொஞ்சமாய், கெட்டியாய் லத்தி போட்டது. டாக்டர் கையைத் தட்டிவிட்டுச் சிரித்தார். சோனியா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. “காலைல பத்து மணிக்குப் போனவர் அஞ்சு மணிக்குத்தான் வருவீங்களா ஹேமந்த்? ஏழு மணி நேரம்! ஒரு ஜீவனுக்குத் தண்ணி இல்லாம!”

“காலைல கரென்ட் இல்ல, மோட்டார் ஓடல. இருந்த தண்ணிய ஊத்திட்டு, பன்னெண்டு மணிக்கு வரலாம்னு வீட்டுக்குப் போனேன். நைட் ஷிப்ட் முடிச்சு வந்தவன், அப்படியே தூங்கிட்டேன்.” அவன் குரல் உடைந்தது. “தெரியாமத் தூங்கிட்டேன் சோனியா.”

“தூங்கிட்டேன்னு சொல்ல வெக்கமா இல்ல?”

இருபத்தெட்டு வயசுப் பையன் கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றான். இந்த நிமிஷத்துக்காகத்தான் சுப்பையா மத்தியானம் புங்கமரத்தடியில் வார்த்தைகளைக் கோத்தார். இப்போது அவை எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு கையில் கயிற்றைப் பிடித்தபடியே, மறு கையால் கைபேசியைத் திறந்து நிர்மலாவிடம் நீட்டினார்.

நிர்மலா படத்தைப் பார்த்தார். கீழே இருந்த நேரத்தைப் பார்த்தார். ஒன்று பன்னிரண்டு.

“நீங்க வந்தீங்களா அங்கிள்?”

“வந்தனுங்க. பாத்தனுங்க. சாவியும் இருந்துது.”

“அப்புறம் ஏன்…”

“இவன் மாட்டிக்கட்டும்னுதான். பலகைய எடுத்துருவீங்கன்னு நெனச்சேன்.” அவருக்கு மூச்சு வாங்கியது. “எனக்கு அந்த ஏழு நாளும் வேணுங்க மேடம். அது இல்லாம எனக்கு வேற ஒண்ணுமில்ல.”

சோனியா எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் வந்து, அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டாள். பாதாமைத் தானே நடத்திக்கொண்டு போனாள். சுப்பையாவின் கை கொஞ்ச நேரம் கயிறு பிடித்த வாக்கிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் அவர் குழுவில் எழுதினார். ‘என்னோட ரெண்டு நாளையும் வேற யாருக்காவது குடுத்துருங்க. தும்பிக்கு வேற இடம் பாக்கறேன். மன்னிச்சுக்கங்க.’ எல்லோரும் படித்ததற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. பத்து மணிக்கு அவரே பாப்பாத்தியைக் கூப்பிட்டார். சாதாரணமாக அவர் கூப்பிடுகிறவர் இல்லை.

“ஏனுங்க, ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?” என்று பதறினாள்.

“நல்லாத்தான் இருக்கறேன். பகல்ல நீ என்ன பண்ணுவ அங்க?”

இப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதேயில்லை. “புள்ளைக எட்டு மணிக்கு இஸ்கூலுக்குப் போயிருமுங்க. மூணு மணிவரைக்கும் ஆரும் இல்ல. பால்கனில நிப்பேன். கீழ கார் போறதப் பாப்பேன்” என்றாள். “ஏனுங்க கேக்கறீங்க?”

“சும்மாதான்” என்றார். ஆனால் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. அவள் பக்கத்திலிருந்து வண்டிகளின் இரைச்சல் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் குழுவில் நிர்மலாவின் பதில் வந்தது. ‘நாளைக்குச் செவ்வாய், உங்க நாள். நாலு பேர்ல ஒருத்தர் வரலேன்னா மத்த மூணு பேருக்கும் வேலை கூடும். அஞ்சரைக்கு வந்துடுங்க அங்கிள்.’ வேறு ஒரு சொல் இல்லை. மன்னித்ததாகவும் இல்லை, மன்னிக்காததாகவும் இல்லை. ஹேமந்தும் சோனியாவும் எதுவும் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை ஐந்தேகாலுக்கே போய்விட்டார். முதலில் தண்ணீர். பாதாமின் கொட்டடிக்குள் போகக் கால் தயங்கியது. அது எப்போதும்போல வந்து அவர் தோளில் மூக்கை வைத்து, சட்டைக் காலரை உதட்டால் இழுத்தது. அதற்கு எதுவும் ஞாபகமில்லை, அல்லது அந்தத் தாகத்தை அவரோடு சேர்த்து ஞாபகம் வைக்கவில்லை. யாராவது திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். அதைத் தள்ளவும் முடியாமல், தடவவும் முடியாமல் அப்படியே நின்றார்.

எட்டு மணிக்கு, கிளினிக் போகும் வழியில் சோனியா வந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் நேராகப் பாதாமிடம் போய் ஈறை அழுத்திப் பார்த்தாள், வயிற்றில் காது வைத்துக் கேட்டாள்.

“தண்ணி குடிச்சுதா?”

“ரெண்டு பக்கெட்.”

தலையசைத்துவிட்டுப் போனாள்.

வேலை ஒன்பது மணிக்கு முடிந்தது. குதிரைகளைத் திடலில் அவிழ்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்ததும் திக்கென்றது. பாதாம் திடலின் நடுவில், கால்களை நீட்டிப் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. ஓடினார். பக்கத்தில் போனதும்தான் விலா சீராக ஏறி இறங்குவது தெரிந்தது. உதடு தளர்ந்து, காதோரம் ஒரு முறை துடித்தது. தூங்குகிறது. இரண்டு நாளாக விட்ட தூக்கம். கூட்டத்தில் ஒன்றாவது நின்று காவல் காத்தால்தான் குதிரை இப்படிக் கால் நீட்டிப் படுக்கும் என்று சைஸ் எப்போதோ சொன்னது உண்டு. மற்ற மூன்றும் தூரத்து வேலியோரம் புல்லில் வாய் வைத்திருந்தன. இதன் பக்கத்தில் எதுவும் இல்லை.

தென்னை ஓலைகளுக்கு மேலே வந்திருந்த வெயில், குதிரையின் மூடிய கண்ணில் நேராக விழுந்துகொண்டிருந்தது. சுப்பையா சத்தமில்லாமல் ஒரு அடி நகர்ந்தார். அவருடைய நிழல் அதன் கண்ணின் மேல் படிந்தது. அப்படியே நின்றார். சற்று நேரத்தில் நிழல் விலகியது. இன்னும் ஒரு அடி நகர்ந்து நின்றார்.